கதை சொல்லும் பிள்ளையும் கேட்கும் பள்ளியும்

1960களில் நியூயார்க் நகரப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளின் மொழித்திறனைச் சோதித்த முறை மிக எளிமையானது. பையனைத் தனியறைக்கு அழைத்து வருவார்கள். எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். மேசைமேல் ஒரு பொம்மையை வைத்து, அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லச் சொல்வார். பையன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வான். பிறகு நீண்ட மௌனம். மறுபடியும் ஒரு கேள்வி, மறுபடியும் ஒற்றைச் சொல். இந்தப் பதிவை வைத்துக்கொண்டு, பையனுக்கு மொழிவளம் இல்லை என்று எழுதினார்கள். அவன் வாசிப்பில் பின்தங்குவதற்கும் அதையே காரணமாகக் காட்டினார்கள். கார்ல் பெரைட்டரும் சீக்ஃபிரீட் எங்கல்மனும் 1966இல் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே போனது. இத்தகைய பிள்ளைகளை மொழியே இல்லாதவர்களாக வைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்றது.

இந்த முடிவை மொழியியலாளர் வில்லியம் லபோவ் ஏற்கவில்லை. அவருடைய குழு ஹார்லெம் பகுதியில் பல ஆண்டுகள் பேச்சைப் பதிவு செய்துவந்தது. அந்தக் குழுவில் இருந்த கிளாரன்ஸ் ராபின்ஸ் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினத்தவர். அந்தத் தெருக்களையும் பையன்களையும் நன்கு அறிந்தவர். அவர் லியோன் என்ற எட்டு வயதுப் பையனிடம் பேசிப் பார்த்தபோதும் முதல் தடவை அதே ஒற்றைச் சொற்கள்தாம் வந்தன. ஆகவே சிக்கல் தோலின் நிறத்தில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. அடுத்த தடவை சூழ்நிலையை மாற்றினார்கள். ராபின்ஸ் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு போனார். லியோனின் நெருங்கிய நண்பனையும் கூட அழைத்துக்கொண்டார். லியோனின் அறைத் தரையிலேயே உட்கார்ந்தார். ஆறடி இரண்டங்குல உயரம் மூன்றரை அடியாகக் குறைந்தது என்று லபோவ் இதைக் குறித்துவைத்திருக்கிறார். பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத சொற்களையும் ராபின்ஸே முதலில் பேச்சில் கொண்டுவந்தார். அதன்பிறகு இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். மொழியே இல்லாதவன் என்று முத்திரை குத்தப்பட்டிருக்கக்கூடிய பையன் சண்டையைப் பற்றியும் தெருவைப் பற்றியும் ஓயாமல் பேசினான்.

1969இல் வெளிவந்த லபோவின் கட்டுரையில் இந்த நிகழ்ச்சி இடம்பெற்றது. மொழிக் கல்வி ஆய்வில் அது ஒரு திருப்பம். ஒருவருடைய மொழியை மட்டும் அளப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள உறவையும் சேர்த்தே அளக்கிறோம். கடந்த அறுபது ஆண்டுகளில் மொழியியலும் எடுத்துரைப்புப் பகுப்பாய்வும் ஆங்கிலக் கல்விக்குக் கொடுத்தவற்றில் தலையாயது இந்த அறிவே என்பது என் துணிபு. அது எப்படித் திரண்டது, எங்கே நடைமுறைக்கு வந்தது, எங்கே இன்னும் வராமல் நிற்கிறது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

நடந்ததும் நடக்காததும்

ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்ததும் எவரும் பேச்சைத் திருத்திக்கொள்வார்கள். ஆய்வாளருக்கு வேண்டியதோ திருத்தப்படாத பேச்சு. இதைத் தாண்ட லபோவ் கண்ட வழிகளில் ஒன்று, சாவின் விளிம்புவரை போய்வந்த அனுபவம் உண்டா என்று கேட்பது. உண்டு என்று சொன்னவர் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லும் வேகத்தில் கருவியை மறந்துவிடுவார். இப்படிச் சேர்ந்த கதைகளை ஆராய்ந்து லபோவும் ஜோஷுவா வாலட்ஸ்கியும் 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலக்கியத்துக்கு வெளியே, வாய்மொழியாகச் சொல்லப்படும் சொந்த அனுபவக் கதைக்கும் இலக்கணம் உண்டு என்று அது காட்டியது.

அவர்களுடைய அடிப்படை வரையறை கறாரானது. காலவரிசையில் அமைந்த இரண்டு வாக்கியங்களாவது இருந்தால்தான் அது கதை; அவற்றின் இடத்தை மாற்றினால் நடந்ததே மாறிவிட வேண்டும். 'கதவு திறந்தது, நாய் குரைத்தது' என்பதும் 'நாய் குரைத்தது, கதவு திறந்தது' என்பதும் வேறுவேறு நிகழ்ச்சிகள். இந்த முதுகெலும்பைச் சுற்றி முழுக்கதை வளர்கிறது. யார், எங்கே, எப்போது என்ற அறிமுகம், பிறகு சிக்கல், அதன் தீர்வு, கேட்பவரை நிகழ்காலத்துக்குத் திரும்ப அழைத்துவரும் முடிப்பு ஆகியவற்றோடு, தொடக்கத்தில் வரும் சுருக்கத்தை 1972இல் லபோவ் சேர்த்தார்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது அவர் மதிப்பீடு என்று சொன்ன பகுதி. 'சரி, அதனால் என்ன?' என்று கேட்பவர் கேட்டுவிடாதபடி காப்பது அதுதான். கதை சொல்லத் தகுந்ததாவது அங்கேதான். மதிப்பீட்டை லபோவ் தேடிய இடங்களில் எதிர்மறை வாக்கியமும் ஒன்று. கதை என்பது நடந்ததைச் சொல்வது. அப்படியிருக்க, நடக்காத ஒன்றை ஏன் சொல்ல வேண்டும்? 'அவன் திருப்பி அடிக்கவில்லை' என்று ஒரு பையன் சொல்லும்போது, அடித்திருப்பான் என்று நாம் எதிர்பார்த்ததையும் அவன் கணக்கில் எடுத்துக்கொள்கிறான். கேட்பவரின் மனத்தைக் கணித்து, அதற்கு ஏற்ப வாக்கியம் அமைக்கிறான். லபோவின் ஒப்பீட்டில் இத்தகைய அமைப்புகள் வயதோடு கூடிக்கொண்டே போயின. சிறுவரைவிட வளரிளம் பருவத்தினரிடமும், அவர்களைவிடப் பெரியவர்களிடமும் அவை மிகுந்திருந்தன. மொழித்தேர்ச்சி என்று நாம் சொல்வதன் மிக உயர்ந்த வடிவங்களில் இது ஒன்று. பொம்மையை வருணிக்கச் சொல்லும் சோதனையில் இது வெளிப்பட வழியே இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. தெருக்குழுக்களின் மையத்தில் இருந்து, பேச்சுத்திறத்தால் மதிப்புப் பெற்றிருந்த பையன்கள்தாம் வாசிப்புத் தேர்வுகளில் மிகப் பின்தங்கியிருந்தார்கள். குழுக்களுக்கு வெளியே தனித்திருந்த பையன்களில் சிலர் நன்றாக வாசித்தார்கள். வாசிப்புத் தோல்விக்கு மொழிக்குறைபாடு காரணமாக இருந்தால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பள்ளியின் மதிப்பீடுகளுக்கும் குழுவின் மதிப்பீடுகளுக்கும் இடையே இருந்த மோதலையே லபோவ் காரணமாகக் கண்டார்.

பகிர்வு நேரத்தில் நடந்தது

லபோவ் தெருவில் கண்டதை சாரா மைக்கேல்ஸ் வகுப்பறைக்குள் கண்டார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு முதல் வகுப்பு. காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, தங்களுக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லும் பகிர்வு நேரம் அங்கே இருந்தது. அதை அவர் நுணுக்கமாகப் பதிவு செய்து 1981இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

கட்டுரையில் மிண்டி என்று குறிக்கப்படும் வெள்ளையினச் சிறுமி, தான் செய்த மெழுகுவர்த்திகளைக் கொண்டுவருகிறாள். ஆசிரியை அவளை ஊக்குகிறார். மெழுகுவர்த்தி பற்றி எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல் என்கிறார். இடையிடையே கேள்வி கேட்டு, விட்டுப்போனதை நிரப்ப உதவுகிறார். மிண்டி சொல்வது சிறிது நேரத்தில் ஏறக்குறைய எழுதிய பத்தியின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே பொருள், படிப்படியான விளக்கம். எழுத்துக்கான பயிற்சி எழுதத் தொடங்கும் முன்பே அங்கே நடந்துவிடுகிறது.

டீனா என்று குறிக்கப்படும் கறுப்பினச் சிறுமி அப்படிச் சொல்வதில்லை. கடற்கரைக்குப் போனதைச் சொல்கிறாள். பிறந்தநாளுக்குக் கிடைத்த கைப்பையைக் காட்டுகிறாள். அதில் வைத்த இரண்டு டாலரைச் சொல்கிறாள். பிறகு ஒரு தோழியோடு பாட்டி வீட்டுக்குப் போனது வருகிறது. ஆசிரியை இடைமறிக்கிறார். முக்கியமான ஒன்றைப் பற்றி மட்டும் பேசு என்கிறார். இந்தப் பாணியை மைக்கேல்ஸ் தொடர்புறுத்திச் செல்லும் பாணி என்று வகைப்படுத்தினார். பல நிகழ்ச்சிகள் ஒரு மறைமுகமான பொருளைச் சுற்றி அடுக்கப்படுகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைச் சொல் காட்டுவதில்லை. குரலின் ஏற்றஇறக்கமும் வேகமும் காட்டுகின்றன. ஆசிரியையின் காதில் அந்தக் குறிகள் விழவில்லை. அதனால் அவருடைய கேள்விகள் கதை போகும் திசைக்குக் குறுக்கே விழுந்தன. அடுத்த ஆண்டு மைக்கேல்ஸ் அந்தச் சிறுமியிடம் பேசினார். சொல்லத் தொடங்கும் முன்பே ஆசிரியை தன்னை நிறுத்திவிடுவார் என்ற மனக்குறை அவளுக்கு அப்போதும் இருந்தது. ஆசிரியைக்கு நல்லெண்ணம் இல்லாமல் இல்லை. அவர் இருவருக்கும் உதவவே முயன்றார். ஒரு பாணியைத்தான் அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது.

இது ஓர் ஆசிரியையின் தனிப்பட்ட குறையா என்பதைச் சோதிக்க கோர்ட்னி காஸ்டனும் மைக்கேல்ஸும் இன்னொரு ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளின் கதைகளை வேறொரு குரலில் மறுபடி பதிவு செய்தார்கள். தாளமும் ஏற்றஇறக்கமும் அப்படியே இருந்தன. கறுப்பின ஆங்கிலத்தின் இலக்கணக் கூறுகள் பொது ஆங்கிலமாக மாற்றப்பட்டன. ஹார்வர்டின் முதுநிலைக் கல்வியியல் மாணவர்கள் இவற்றைக் கேட்டு மதிப்பிட்டார்கள். பல நிகழ்ச்சிகள் கொண்ட கதையை வெள்ளையினக் கேட்போர் கோர்வையற்றதாகக் கண்டார்கள். இப்படிப் பேசும் பிள்ளை படிப்பில் முன்னேறாது என்று கணித்தார்கள். கறுப்பினக் கேட்போர் அதே கதையைத் தெளிவானதாகவும் நன்கு அமைந்ததாகவும் கண்டார்கள். பதிவு ஒன்றுதான். பிள்ளையின் எதிர்காலம் பற்றிய இரண்டு தீர்ப்புகளும் கேட்டவர்களிடமிருந்து வந்தவை.

ஜேம்ஸ் பால் ஜீ அடுத்த படிக்குப் போனார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்ன கதையை அவர் 1985இல் வரிவரியாகப் பிரித்து எழுதினார். பத்தியாகப் பார்த்தால் சிதறிக் கிடந்த பேச்சு, வரிகளாகவும் செய்யுள் கண்ணிகளைப் போன்ற தொகுதிகளாகவும் அடுக்கியபோது தன் ஒழுங்கைக் காட்டியது. திரும்பவரும் தொடர்களும் இணைவரிகளும் எங்கே புதிய கண்ணி தொடங்குகிறது என்பதைச் சுட்டின. இந்த முறைக்கு முன்னோடி டெல் ஹைம்ஸ். அமெரிக்கப் பழங்குடிகளின் வாய்மொழிக் கதைகள் உரைநடையாக அச்சிடப்பட்டு உயிரற்றுக் கிடந்தன. அவற்றில் மறைந்திருந்த வரியமைப்பை மீட்டவர் அவர். எப்படி எழுத்தில் இறக்குகிறோம் என்பதே எதைக் காண்கிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டு ஊர்களும் ஒரு நீதிமன்றமும்

கதை என்றால் என்ன என்பதே ஊருக்கு ஊர் மாறும் என்று விரிவாகக் காட்டியவர் ஷெர்லி பிரைஸ் ஹீத். கரோலினா மாநிலங்களின் பீட்மாண்ட் பகுதியில், நெசவாலைத் தொழிலாளர் வாழ்ந்த இரண்டு குடியிருப்புகளில் அவர் 1969 முதல் 1978 வரை களப்பணி செய்தார். 1983இல் வந்த நூலில் அவற்றுக்கு ரோட்வில், டிராக்டன் என்று புனைபெயர் கொடுத்தார். வெள்ளையினத் தொழிலாளரின் ரோட்வில்லில் கதை உண்மையாக இருக்க வேண்டும். அதில் ஒரு படிப்பினை இருக்க வேண்டும். கூட்டிச் சொன்னால் அது பொய். கறுப்பினத் தொழிலாளரின் டிராக்டனில் உண்மை நிகழ்ச்சி வெறும் விதை. அதைக் கற்பனையால் வளர்த்துக் கேட்பவரை ஈர்ப்பவனே நல்ல கதைசொல்லி. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கு வந்தார்கள். கற்பனையாக எழுதச் சொன்னபோது ரோட்வில் பிள்ளைகள் திணறினார்கள். நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னபோது டிராக்டன் பிள்ளைகள் திணறினார்கள். பள்ளி எதிர்பார்த்த பேச்சுமுறை நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வீடுகளில் புழங்கியது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் வீடும் பள்ளியும் ஒரே தொடர்ச்சியாக இருந்தன.

ஹீத் இதைக் கண்டறிந்ததோடு நிற்கவில்லை. ஆசிரியர்களோடு சேர்ந்து வகுப்பறைகளை மாற்றிப் பார்த்தார். அறிவியல் வகுப்பு ஒன்றில் மாணவர்கள் ஊர் விவசாயிகளிடம் பேசிச் செய்திகளைச் சேர்த்து, அவற்றைப் பாடநூலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். வீட்டுமொழியிலிருந்து பள்ளிமொழிக்குப் பெயர்ப்பது பாடமாகவே ஆனது. ஆனால் சில ஆண்டுகளில் கல்விக் கொள்கை மாறியது. ஆசிரியரின் சுதந்திரம் சுருங்கியது. அந்த முயற்சிகள் பெரும்பாலும் மறைந்தன. ஹீத் தம் நூலின் முடிவுரையில் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆய்வு நீதிமன்றம்வரை போனதும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில், மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப்பள்ளியில் படித்த ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளின் சார்பில் வழக்கு தொடரப்பட்டது. பிள்ளைகளின் வீட்டுமொழியைப் பள்ளி புரிந்துகொள்ளாததால் அவர்கள் வாசிக்கக் கற்பது தடைபடுகிறது என்பது வாதம். ஜெனிவா ஸ்மிதர்மன், லபோவ் முதலிய மொழியியலாளர்கள் பிள்ளைகளுக்குத் துணைநின்றார்கள். 1979 ஜூலையில் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் மொழி தடை என்று அவர் சொல்லவில்லை. அந்த மொழியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆசிரியரின் அறியாத மனப்பான்மையே தடையாகலாம் என்றார். அதைச் சரிசெய்யும் திட்டத்தை முப்பது நாளுக்குள் அளிக்குமாறு பள்ளி வாரியத்துக்கு உத்தரவிட்டார். பொது ஆங்கிலம் கற்பிக்க வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கற்பிக்கவே, வீட்டுமொழி பற்றிய அறிவு ஆசிரியருக்கு வேண்டும் என்றார்கள். பின்னாளில் லபோவ் எழுதிய ஒரு நெறி இங்கே நினைக்கத் தக்கது. சமூகத்தில் பரவியிருக்கும் ஒரு கருத்து தவறு என்று தன் தரவு காட்டினால், அதை இயன்ற அளவு பரவலாக எடுத்துச்சொல்வது ஆய்வாளரின் கடமை என்பது அந்த நெறி.

இரண்டாம் மொழியாக ஆங்கிலம்

ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களிடம் வந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கனடாவில் குடியேறிய ஐந்து பெண்களின் நாட்குறிப்புகளையும் நேர்காணல்களையும் வைத்து பானி நார்ட்டன் 1990களில் ஆய்வு செய்தார். அதுவரை கற்பவரின் ஊக்கம் ஒரு தனிமனிதக் குணமாகவே பேசப்பட்டது. நார்ட்டன் அதை மறுத்தார். அவருடைய ஆய்வில் மார்ட்டினா என்று பெயரிடப்பட்ட பெண், கூச்சம் மிகுந்தவர். ஆனால் வீட்டு உரிமையாளர் வாடகைத் தகராறு செய்தபோது, குடும்பத்துக்காகத் தொலைபேசியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆங்கிலத்தில் வாதாடினார். அவர் கூச்சமுள்ளவரா, துணிவுள்ளவரா? இரண்டு விடையும் பொருந்தாது. பேசும் உரிமை தனக்கு உண்டு என்று அவர் உணர்ந்த இடத்தில் மொழி வந்தது. இந்த உண்மையை எந்த வினாத்தாளும் வெளிக்கொணர்ந்திருக்காது. அவர் தன் அனுபவத்தைக் கதையாகச் சொன்னதால்தான் வந்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1993இல் வெளியிட்ட ஆய்வு தமிழ் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியது. போர்க்காலம். கலைப்பிரிவு முதலாண்டு மாணவர்களுக்கு ஓர் அமெரிக்கப் பாடநூல் வைக்கப்பட்டிருந்தது. அவர்களிடம் கருத்துக் கேட்டால் ஆங்கிலத்தின் தேவையை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வகுப்புக்கு வருவது குறைந்துகொண்டே போனது. கனகராஜா பாடநூல்களின் ஓரங்களைப் பார்த்தார். அங்கே மாணவர்கள் வேறொரு உலகத்தைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். தமிழ் வரிகள், திரைப்படச் சாயல்கள், காதல், அரசியல் போராட்டம் என்று பாடநூல் மனிதர்களைச் சுற்றித் தங்கள் கதைகளை எழுதியிருந்தார்கள். அவற்றை அவர் ஆய்வுத் தரவாக எடுத்துக்கொண்டார். அவர் கண்ட முடிவு எளிய வீரக்கதையும் அல்ல. ஓரத்தில் எதிர்ப்பைக் காட்டிய அதே மாணவர்கள், தேர்வுக்கு உதவும் இலக்கணம் மட்டும் போதும் என்றும் கேட்டார்கள். ஆங்கிலம் வேண்டும், ஆனால் அதோடு வரும் வாழ்க்கைமுறை வேண்டாம் என்ற இழுபறியை அவர் அதன் முரண்களோடு எழுதினார்.

முறையின் எல்லை

எடுத்துரைப்புப் பகுப்பாய்வு தன் குறைகளையும் பேசியிருக்கிறது. லபோவும் வாலட்ஸ்கியும் எழுதிய கட்டுரை வெளிவந்து முப்பது ஆண்டானபோது, இமானுவேல் ஷெக்லாஃப் ஓர் அடிப்படைக் குறையைச் சுட்டினார். நேர்காணலில் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்படும் கதையை, அன்றாட உரையாடலில் தானாக எழும் கதையோடு ஒன்றாக வைக்க முடியாது. அங்கே கேட்பவரும் கதையை இழைக்கிறார். எலினார் ஆக்ஸும் லிசா காப்ஸும் 2001இல் வந்த நூலில், முடிவு தெரியாமல் பலர் சேர்ந்து தட்டுத்தடுமாறிச் சொல்லும் கதைகளை முன்வைத்தார்கள். அலெக்சாண்ட்ரா யோர்ககோபூலுவும் மைக்கேல் பாம்பெர்க்கும் சிறுகதையாடல்களைக் கவனிக்கச் சொன்னார்கள். நண்பர்களுக்கிடையே அரைகுறையாக வந்துபோகும் குறிப்புகளும் இனி நடக்கப்போவதைப் பற்றிய பேச்சும் இவற்றில் அடங்கும். இந்த விமர்சனங்கள் எல்லாம் ஒரே திசையில் போகின்றன. கேட்பவரைக் கதைக்கு வெளியே நிறுத்தாதீர்கள் என்பதே அவற்றின் சாரம்.

இன்னொரு அபாயத்தையும் சொல்ல வேண்டும். தொடர்புறுத்திச் செல்லும் பாணி கறுப்பினப் பிள்ளையின் இயல்பு, பத்திப் பாணி வெள்ளையினப் பிள்ளையின் இயல்பு என்று முத்திரை குத்தினால், பழைய தவறு புதுப்பெயரில் திரும்பும். ஒரே பிள்ளை பல விதமாகச் சொல்லக்கூடியது. லியோன் இரண்டு நாளில் இரண்டு விதமாக இருந்தான்.

வகுப்பறைக்கு

நம் ஆங்கிலத் தேர்வுகளில் குறிப்புகளைத் தந்து கதையாக விரித்தெழுதச் சொல்லும் வினாவை இந்த ஆய்வுகளின் வெளிச்சத்தில் பார்க்கலாம். சிக்கல், தீர்வு, நிகழ்ச்சி வரிசை மூன்றும் குறிப்பிலேயே இருக்கின்றன. மாணவர் சேர்க்கக்கூடியது லபோவ் சொன்ன மதிப்பீடு ஒன்றுதான். அதாவது இந்தக் கதை ஏன் சொல்லத் தகுந்தது என்பதை உணர்த்துவது. குறிப்புகளுக்கு இடையே இணைப்புச் சொற்களைப் போட்டு முடித்த விடையையும், ஓர் எதிர்மறை வாக்கியத்தால் நம் எதிர்பார்ப்பைத் தொட்ட விடையையும் வேறுபடுத்திப் பார்க்கிறோமா? இறந்தகால வினை ஒன்று பிழையாக இருக்கும் இரண்டாவது விடையில் நம் கண் முதலில் எங்கே போகிறது?

இலக்கணம் வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. பொது ஆங்கிலம் கைவரப்பெறாத ஏழைப்பிள்ளைக்கு உலகம் எவ்வளவு குறுகிவிடும் என்பது இந்த ஆய்வாளர்கள் அனைவரும் அறிந்ததே. ஆன் ஆர்பரில் பெற்றோர் கேட்டதும் பொது ஆங்கிலத்தைத்தான். பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்கத் தெரிந்த ஆசிரியரால்தான் அடுத்த படிக்கு அதை ஏற்ற முடியும். மிண்டிக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட உதவி. டீனாவுக்கும் அது கிடைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு மாணவர் தனக்கு நேர்ந்ததை, தமிழ் கலந்த ஆங்கிலத்தில் ஆனாலும், இடைமறிக்காமல் சொல்லவிட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்யலாம். அதை வரிவரியாக எழுதிப் பார்க்கலாம். பிழைகளைக் குறிக்கும் முன்பு, கதையின் திருப்பம் எங்கே இருக்கிறது, குரல் எங்கே மாறுகிறது, எந்த வரியில் அந்த மாணவர் நம்மை நினைத்துப் பேசுகிறார் என்று தேடலாம். ஆசிரியர் பயிற்சியில் இலக்கணத்துக்கும் பாடத்திட்டத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை இந்தக் கேட்கும் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாதவரை நாம் கொடுக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு பிள்ளையுடையது, எவ்வளவு நம்முடையது என்று பிரித்துச் சொல்ல நம்மால் முடியாது.